கலிங்கத்துப் பரணிக் கட்டுரை பாதியில் நிற்கிறது, வழி சொல்லுங்கள்

முனிர்க்கா மாணவி:

அனைவருக்கும் வணக்கம். நான் தில்லியில் முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இடைக்கால இலக்கியத் தாளுக்காகக் கலிங்கத்துப் பரணியைப் பற்றி ஐயாயிரம் சொல் அளவில் ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டும். டிசம்பரில் கேட்டு வாங்கிய கூடுதல் அவகாசமும் இன்னும் பன்னிரண்டு நாளில் முடிந்துவிடும். இனிமேல் கேட்க எனக்கே முகமில்லை.

நான் சோம்பலாக இருந்துவிடவில்லை. மூன்று குறிப்பேடுகள் நிரம்பியிருக்கின்றன. "கலிங்கத்துப் பரணி: வரலாறும் இலக்கியமும்" என்று தலைப்பு வைத்துக்கொண்டு பதினோரு பக்கம் எழுதியும் விட்டேன். ஆனால் அவற்றுள் ஒன்பது பக்கம் முன்னுரை. சிற்றிலக்கியம் தொண்ணூற்றாறு வகை என்பது, போரில் ஆயிரம் யானைகளை வென்ற வீரனுக்குப் பாடுவதே பரணி என்னும் இலக்கணம், பரணி நாள் காளிக்கு உரியது என்பது, முதற் குலோத்துங்கன் சாளுக்கியத் தந்தைக்கும் சோழத் தாய்க்கும் பிறந்து 1070இல் சோழ அரியணை ஏறியது என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு, நூலைப் பற்றிச் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. ஓசை நயம், வீரச் சுவை, கற்பனை வளம் ஆகிய மூன்றையும் எல்லாப் புத்தகங்களும் சொல்லிவிட்டன. நானும் அதையே நான்காவது முறையாகச் சொல்ல வேண்டுமா என்று நினைத்தாலே பேனா நின்றுவிடுகிறது.

மொழியும் தடையாக இருக்கிறது. நான் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். பள்ளியில் தமிழ் படித்தேன் என்றாலும் பழைய செய்யுளைப் பதம் பிரித்துப் படிப்பதற்குள் பொழுது போய்விடுகிறது. கடை திறப்பு என்னும் பகுதியில், கணவர் வருவார் என்று திறந்தும் வரமாட்டார் என்று அடைத்தும் விடியும் வரை கதவின் "திருகும் குடுமி" தேய்வதாக ஒரு தாழிசை, அதாவது பாடல், வருகிறதல்லவா? குடுமி என்றால் தலைமயிர் என்று எண்ணிக்கொண்டு, கதவுக்கு அருகில் யாருடைய குடுமி தேய்கிறது என்று இரண்டு நாள் குழம்பினேன்.

போரின் ஆண்டும் குழப்புகிறது. ஒரு நூல் 1096 என்கிறது, இன்னொன்று 1110 என்கிறது. எதை எழுதுவது?

இன்னொன்று, கட்டுரைக்குப் பயன்படாது என்றாலும் சொல்லிவிடுகிறேன். என் அறைத்தோழி ஒடிசாவில், அதாவது பழைய கலிங்கத்தில், உள்ள கட்டாக்கைச் சேர்ந்தவள். அவளுக்கு அனந்தவர்ம சோடகங்கன் என்றால் புரி செகந்நாதர் கோயிலைக் கட்டத் தொடங்கிய பெருவேந்தன். நான் பரணியில் தோற்று ஒளிந்துகொள்ளும் அரசன் அவன்தான் என்று சொன்னதும், "எங்களை அடித்ததற்கு நீங்கள் பாட்டு வேறு எழுதி வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டாள். நான் சமாதானமாக, தோற்ற கலிங்க வீரன் ஒருவன் வில்லின் நாணை மடித்துப் பூணூலாகப் போட்டுக்கொண்டு, "கங்கையாட வந்தோம், அகப்பட்டுக்கொண்டோம்" என்று சொல்லித் தப்பிக்கும் இடத்தை அவளுக்கு இந்தியில் சொன்னேன். இருவரும் சிரித்தோம். இத்தனை மாதத்தில் இந்த நூலில் நான் உண்மையாகவே மகிழ்ந்த இடம் அது ஒன்றுதான். ஆனால் ஆய்வுக் கட்டுரையில் அதையெல்லாம் எழுத முடியாது அல்லவா? தயவுசெய்து வழி சொல்லுங்கள்.

கரோல்பாக் பழைய வாத்தியார்:

அம்மா, உங்களுக்கு எழுத வரவில்லை என்று நீங்களே முடிவு கட்டிக்கொள்ள வேண்டாம். இந்தக் கேள்வியை எழுதியிருக்கும் விதமே உங்களுக்கு எழுத வரும் என்பதைக் காட்டுகிறது. நோய் அந்த ஒன்பது பக்க முன்னுரையில்தான் இருக்கிறது. அதை முழுவதுமாக எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். கிழித்துப் போடச் சொல்லவில்லை. தேர்வுக்குப் பயன்படும்.

முதலில் குடுமி. இப்போது நம் வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் கீல் இருப்பதால் இந்தச் சொல் வழக்கொழிந்துவிட்டது. அக்காலத்துக் கதவில் கீல் கிடையாது. கதவுப் பலகையின் ஓர் ஓரத்தில் மேலும் கீழும் முளை போல நீட்டி விட்டிருப்பார்கள். அந்த முளைகள் நிலையின் குழியிலும் வாசற்படியின் குழியிலும் பொருந்திச் சுழலும். அந்த முளைதான் குடுமி. பழைய கோயில்களின் பெருங்கதவுகளில் இன்றும் பார்க்கலாம். இரவெல்லாம் திறந்து திறந்து மூடினால் மரம் தேயத்தான் செய்யும். ஒரு பெண் எத்தனை முறை எழுந்து வந்தாள் என்பதைக் கவிஞர் எண்ணிச் சொல்லவில்லை, மரத் தேய்வைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார். இரண்டு நாள் இந்தச் சொல்லோடு மல்லுக்கட்டியது வீண் இல்லை.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். கட்டுரைக்குப் பயன்படாது என்று ஓரமாக ஒதுக்கினீர்களே, அந்தப் பூணூல்தான் உங்கள் கட்டுரை. முப்பது ஆண்டுக் காலம் மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். எந்த இடத்தில் மாணவர் தம்மை மறந்து நின்றாரோ அந்த இடத்தில் கேள்வி ஒன்று ஒளிந்திருக்கும். நீங்கள் ஏன் சிரித்தீர்கள்? கவிஞர் எதைக்கொண்டு சிரிக்க வைத்தார்?

அந்தத் தாழிசை தனியாக நிற்கவில்லை. போர் பாடியது என்னும் பகுதியின் பிற்பாதியில், தப்பியோடுகிறவர்கள் வேடம் போடும் தாழிசைகள் தொடர்ச்சியாக வருகின்றன. ஒரு கூட்டம் இடுப்புத் துணியைப் பறிகொடுத்து, புதர் பறித்ததுபோக எஞ்சிய மயிரையும் களைந்துவிட்டு, "நாங்கள் அமணர் (சமணர்)" என்று பிழைக்கிறது. "அரைக் கலிங்கம் உரிப்புண்ட கலிங்கர்" என்று துணியையும் நாட்டையும் ஒரே சொல்லால் பிடிக்கிறார் பாருங்கள், கலிங்கம் என்றால் ஆடை என்றும் பொருள் அல்லவா? அடுத்த கூட்டம் நீங்கள் சொன்ன வில்நாண் பூணூல். மூன்றாவது கூட்டம் குருதி தோய்ந்த கொடிச்சீலையை உடுத்துப் போர்த்துத் தலையையும் மழித்துக்கொண்டு, "உடையைப் பார்த்தால் சாக்கியர் (பௌத்தர்) என்று தெரியவில்லையா?" என்று கேட்கிறது. நான்காவது கூட்டம் யானைக் கழுத்து மணிகளைத் தாளமாகப் பிடித்துக்கொண்டு, தாங்கள் தெலுங்குப் பாணர் என்று கும்பிட்டுத் தப்புகிறது.

இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அதன் பிறகு களம் பாடியது பகுதியை நிதானமாகப் படியுங்கள். வேறு எதையும் இப்போது படிக்க வேண்டாம். என்ன கண்டீர்கள் என்று இங்கே வந்து சொல்லுங்கள். நான் முன்கூட்டிச் சொல்லிவிட்டால் அது என் கட்டுரையாகிவிடும்.

நொய்டா கணக்கர்:

எல்லாம் சரி, தலைப்பை மாற்றுவதற்கு முன் உங்கள் வழிகாட்டியிடம் ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். நான் என் காலத்தில் கேட்காமல் மாற்றிவிட்டு, கட்டுரை நன்றாக இருந்தும் திரும்பி வந்ததைப் பார்த்தவன்.

கல்வெட்டு வாசகன்:

ஆண்டுக் குழப்பத்துக்கு என் பதில். 1096, 1110 இரண்டும் சரி. ஏனென்றால் குலோத்துங்கன் காலத்தில் கலிங்கத்தின்மேல் இரண்டு படையெடுப்புகள் நடந்தன. முதலாவது 1096ஐ ஒட்டித் தென்கலிங்கத்தின்மேல் நடந்தது. அதை நடத்தியவன் குலோத்துங்கனின் மகன் விக்கிரமசோழன். அவனுடைய மெய்க்கீர்த்தி (கல்வெட்டில் வரும் அரசனின் புகழுரை), தெலிங்க வீமன் மலைமேல் ஏறி ஒளியவும் கலிங்க பூமியை நெருப்பு உண்ணவும் ஐம்படைப் பருவத்திலேயே படை நடத்தியதாகப் பெருமை பேசும். ஐம்படை என்பது குழந்தைகளின் கழுத்தில் கட்டும் தாலி, ஆகவே எவ்வளவு இளம் வயது என்பதை மெய்க்கீர்த்தியும் சற்று மிகைப்படுத்தியே சொல்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது போர் 1110ஐ ஒட்டி வடகலிங்கத்தின்மேல், கருணாகரத் தொண்டைமான் தலைமையில் நடந்தது. பரணி பாடுவது இதைத்தான். பல கையேடுகள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன.

பரணி சொல்லும் காரணம் மிகவும் எளியது. அரசன் காஞ்சியில் வீற்றிருக்கும்போது, வடகலிங்க வேந்தன் இருமுறை திறை கொண்டுவரவில்லை என்று தெரிவிக்கப்படுகிறது, உடனே படை புறப்படுகிறது. அது கடக்கும் ஆறுகளை நூலைப் பாடிய சயங்கொண்டார் பாலாறு, குசைத்தலை, பொன்முகரி, பெண்ணை என்று தொடங்கிக் கோதாவரிக்கு அப்பாலும் வரிசையாகச் சொல்வார். நிலப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு அந்தப் பகுதியைப் படித்தால் நேரம் போவதே தெரியாது. ஆனால் எச்சரிக்கை, அதில் இறங்கினால் உங்கள் பன்னிரண்டு நாளும் ஆற்றோடு போய்விடும்.

உங்கள் தோழிக்கு இரண்டு செய்திகள் சொல்லலாம். சோடகங்கனின் தாய் இராசசுந்தரி ஒரு சோழ இளவரசி. அவன் பெயரில் உள்ள "சோட" என்பதே அந்த உறவைச் சொல்கிறது. மற்றொன்று, அந்தப் போரோடு அவன் ஆட்சி முடிந்துவிடவில்லை. 1078இல் அரியணை ஏறியவன் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆண்டான். பரணியில் ஓடி ஒளிந்தவன், வரலாற்றில் வெகுகாலம் அரியணையிலேயே இருந்தான்.

உங்கள் கட்டுரையில் வரலாற்றுக்கு ஒரு பக்கத்துக்கு மேல் இடம் கொடுக்காதீர்கள். மூலத்துக்கு மதுரைத் திட்டத்திலோ தமிழ் இணையக் கல்விக்கழகத்திலோ உள்ள மின்பதிப்பைப் பார்த்துவிட்டு, பதம் பிரித்த உரைப் பதிப்பு ஒன்றை இராமகிருஷ்ணபுரத்தில் தில்லித் தமிழ்ச் சங்க நூலகத்திலோ மண்டி ஹவுஸ் அருகே சாகித்திய அகாதெமி நூலகத்திலோ தேடுங்கள். முனிர்க்காவிலிருந்து தமிழ்ச் சங்கத்துக்கு இந்தக் குளிரில் நடந்துகூடப் போய்விடலாம். போகும் முன் நூலகம் திறந்திருக்கும் நேரத்தைத் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

முனிர்க்கா மாணவி:

ஐயா, எல்லோருக்கும் நன்றி. வழிகாட்டியிடம் கேட்டுவிட்டேன். "இப்போதாவது ஒரு கேள்வி கிடைத்ததே" என்று ஒரே வரியில் ஒப்புதல் வந்துவிட்டது. தமிழ்ச் சங்க நூலகத்துக்கும் போய்வந்தேன்.

களம் பாடியது பகுதியை மூன்று முறை படித்தேன். பேய்கள் கூழ் சமைக்கும் இடம் அது என்று தெரியும். ஆனால் இதுவரை அருவருப்பில் வேகமாகத் தாண்டிவிடுவேன். இந்த முறை சமையலறையில் நிற்பதுபோல் நின்று, என்னென்ன பாத்திரம், என்னென்ன பண்டம் என்று பட்டியல் போட்டேன். பேய்கள் முதலில் பல் விளக்குகின்றன. பல்குச்சி யானையின் தந்தம். நாக்கு வழிக்க யானையின் விலா எலும்பு. பிறகு செத்தவர்களின் பல்லை அரிசியாகக் கொண்டு புடைக்கின்றன. புடைக்கும் சுளகு, சல்லவட்டம் என்னும் கேடயம்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. நீங்கள் எழுதிக்கொள்ளச் சொன்ன நான்கு வேடங்களை எடுத்துப் பார்த்தேன். வில்லின் நாண் பூணூலாகிறது. போர்க்கொடி காவியாகிறது. போர்யானையின் மணி தாளமாகிறது. போர்க்களத்துப் பொருள் அதன் வேலையை விட்டுவிட்டு வேறு ஒரு பொருளாகிவிடுகிறது. உயிரோடிருப்பவன் பிழைப்பதற்காக அதைச் செய்கிறான். பேயும் சமைப்பதற்காக அதையேதான் செய்கிறது. ஒரே உத்தி, இரண்டு இடம்.

இன்னொன்றும் கண்டேன். களத்தில் கூழ் குடிக்க வரிசையில் நிற்கும் பேய்களுள் "பவதி பிட்சாந்தேகி" என்று பிச்சை கேட்கும் பார்ப்பனப் பேய் இருக்கிறது. உயிர்க்கொலை செய்யாத, ஒரு வேளை மட்டும் உண்ணும் சமணப் பேய் இருக்கிறது. அதற்குக் கூழில் மயிர் இருக்கிறதா என்று பார்த்து, கொழுப்பாகிய துணியில் வடிகட்டி ஊற்றச் சொல்கிறார் கவிஞர். புத்தப் பேயும் இருக்கிறது. ஆக, போர் பாடியதில் பொய் வேடமாக வந்த மூன்று கூட்டமும் களம் பாடியதில் பேயாக மீண்டும் வந்துவிடுகின்றன. நான்காவது கூட்டமான பாணர் மட்டும் எனக்கு அகப்படவில்லை.

இதிலிருந்து, சயங்கொண்டார் சமணத்தையும் பௌத்தத்தையும் இழிவுபடுத்துகிறார் என்று முடிவுக்கு வரலாமா? அப்படி எழுதினால் கட்டுரைக்கு ஒரு வலுவான வாதம் கிடைத்துவிடும் என்று தோன்றுகிறது.

துவாரகா வாசகி:

வலுவான வாதம் கிடைத்துவிடும் என்பதற்காகவே அதை எழுதாதீர்கள், தங்கச்சி. அந்தக் கண்ணியில் நானும் ஒருமுறை விழுந்திருக்கிறேன், ஆகையால் உரிமையோடு சொல்கிறேன்.

முதலாவதாக, கேலி சமணருக்கும் பௌத்தருக்கும் மட்டும் இல்லை. பூணூலும் பவதி பிட்சாந்தேகியும் அதே வரிசையில்தான் இருக்கின்றன. மூவரையும் ஒரே அகப்பையால் பரிமாறும் கவிஞரிடம் ஒருவர்மேல் மட்டும் பகை இருந்தது என்று எதைக்கொண்டு சொல்வீர்கள்? இரண்டாவதாக, சயங்கொண்டாரின் ஊராகச் சொல்லப்படும் தீபங்குடி சமணர் வாழ்ந்த ஊர். அங்கே இன்றும் தீர்த்தங்கரர் கோயில் இருக்கிறது. அதைக்கொண்டு அவரைச் சமணர் என்றே கருதியவர்களும் உண்டு. ஆனால் நூலின் கடவுள் வாழ்த்து சிவனில் தொடங்குகிறது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அவருடைய சமயத்தைத் தீர்மானிக்கப் புகுந்தால் ஐயாயிரம் சொல் போதாது. உங்கள் கேள்வியும் அது இல்லை.

நான் உங்களிடம் கேட்க விரும்புவது வேறு. இந்தத் தாழிசைகளை யார் சொல்கிறார்கள்? சயங்கொண்டார் நேராக நம்மிடம் சொல்லவில்லை. கலிங்கத்திலிருந்து ஓடிவந்த பேய் ஒன்று காளியிடம் போரை விவரிக்கிறது. மற்றப் பேய்கள் பசியோடு கேட்டுக்கொண்டிருக்கின்றன. பதின்மூன்று பகுதிகள் உள்ள நூலில் போர் பாடியது பன்னிரண்டாவதாக வருகிறது. அதுவரை நாம் காட்டிலும் காளி கோயிலிலும் பேய்களின் முறைப்பாட்டிலும் சுற்றிச் சுற்றி வருவதே, போரைப் பேயின் வாயால் கேட்க நம்மைப் பழக்குவதற்குத்தான் என்று எனக்குத் தோன்றும். சோழரின் இராசபாரம்பரியத்தையே இமயத்திலிருந்து வந்த ஒரு முதிய பேய்தானே சொல்கிறது? ஆகவே வில்நாண் பூணூலைப் பார்த்துச் சிரிப்பவர் யார், கவிஞரா, வென்ற படையா, பசித்த பேயா? தப்பிப் போகிறவன் பேயின் கணக்கில் கைநழுவிப் போன உணவு என்பதையும் மறக்காதீர்கள்.

இன்னொன்று. நீங்கள் வேடத் தாழிசைகளில் சிரித்துவிட்டுப் புத்தகத்தை மூடியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். பாணர் வேடத்துக்கு அடுத்த தாழிசையைப் படியுங்கள்.

முனிர்க்கா மாணவி:

படித்தேன், அக்கா. "இவர்கள் மேல் இனி ஒருவர் பிழைத்தார் இல்லை" என்று தொடங்குகிறது. ஏழு கலிங்கத்திலும் ஓவியர்கள் சுவரில் எழுதிவைத்த உடல்களைத் தவிர, மற்ற உடல்களையெல்லாம் தொடர்ந்து பிடித்து அறுத்தார்கள் என்று முடிகிறது.

உண்மையாகவே புத்தகத்தை அங்கேதான் மூடியிருந்தேன். தோழிக்குச் சொன்ன கதையும் அங்கேதான் நின்றது. இப்போது அவளிடம் மிச்சத்தைச் சொல்ல வேண்டும், எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

கரோல்பாக் பழைய வாத்தியார்:

துவாரகா அம்மையார் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். சொல்கிறவர் யார் என்ற கேள்வி என் மனத்தில் வரவில்லை, வந்திருக்க வேண்டும்.

ஒரு சிறு திருத்தம் மட்டும் சொல்கிறேன். போர்ப்பொருள் வேறு பொருளாகும் உத்தி இரண்டு இடத்திலும் ஒன்றே என்று எழுதினீர்கள். உத்தி ஒன்றுதான், ஆனால் போகும் திசை ஒன்றா? வேடத்தில், கொல்வதற்கான பொருள் கொல்லாதவனின் அடையாளமாகிறது. நாணைப் பூட்டிய வில்லைப் பிடித்திருந்தவன் நாணையே பூணூலாக்கிக் கைகூப்புகிறான். கூழில், கொல்லாதவனே கொன்றதை உண்ண வந்து நிற்கிறான், அதிலும் மயிர் இருக்கக் கூடாது என்று ஆசாரம் பார்க்கிறான். முன்னது பொருளின் வேடம், பின்னது ஆளின் வேடம் என்று வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்துப் பாருங்கள். என் சொல்லை அப்படியே எழுத வேண்டாம். மூலத்தோடு ஒட்டவில்லை என்றால் தூக்கி எறியுங்கள்.

சுவர் ஓவியத் தாழிசையை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். பேயின் சமையலுக்கு முன் வைத்தால், அடுத்து வரும் சிரிப்பெல்லாம் வேறு மாதிரி ஒலிக்கும்.

நொய்டா கணக்கர்:

இன்னும் எட்டு நாள். ஒரு நாளைக்கு அறுநூறு சொல் என்றால் எட்டு நாளில் நாலாயிரத்து எண்ணூறு. திருத்துவதற்கு நாள் எதையும் விடவில்லையே? இன்றே தொடங்கிவிடுங்கள்.

முனிர்க்கா மாணவி:

இன்று இரண்டாயிரத்து முந்நூறு சொல் ஆகிவிட்டது, ஐயா. விடுதியில் மின்சாரம் போய்ப் போய் வருகிறது, கை விரல்கள் விறைத்துவிட்டன, ஆனால் எழுத்து நிற்கவில்லை. கருணாகரனும் ஆற்று வரிசையும் ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டன. முன்னுரையே எழுதவில்லை. வில்நாணிலேயே தொடங்கிவிட்டேன். ஓவியத் தாழிசையைச் சமையலுக்கு முன் வைத்திருக்கிறேன். சமய இழிவு என்ற வாதத்தை எடுத்துவிட்டு, அப்படி ஏன் சொல்ல முடியாது என்பதை அரைப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

இரண்டு கேள்விகள் மட்டும் இருக்கின்றன. மின்பதிப்பிலும் நூலகப் பதிப்பிலும் தாழிசை எண்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. மேற்கோளில் எந்த எண்ணைக் கொடுப்பது? மற்றொன்று, பாணர் ஏன் பேயாக வரவில்லை என்பதற்கு விடை தெரியாமலேயே கட்டுரையை முடிக்கலாமா?

கரோல்பாக் பழைய வாத்தியார்:

பகுதியின் பெயரை முதலில் எழுதி, நீங்கள் கையில் வைத்துப் படித்த ஒரே பதிப்பின் எண்ணை அதன் பக்கத்தில் கொடுங்கள். இரண்டு பதிப்பின் எண்களையும் கலக்க வேண்டாம். எந்தப் பதிப்பு என்பதை முதல் மேற்கோளிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பகுதிப் பெயர் இருந்தால் எந்தப் பதிப்பை வைத்திருப்பவரும் தேடிக் கண்டுபிடித்துவிடுவார்.

பாணரைப் பற்றி: விடை தெரியாமல் முடிக்கலாம், தெரியாததை மறைத்துத்தான் முடிக்கக் கூடாது. ஆனால் களம் பாடியதை இன்னும் ஒருமுறை முதலிலிருந்து கடைசி வரை படித்துவிட்டு, வரவில்லை என்பதை உறுதிசெய்துகொண்ட பிறகு எழுதுங்கள். நூலைப் பாடிய புலவரும் அரசனைப் பாடிப் பரிசு பெறும் மரபில் வந்தவர்தானே என்று ஓர் எண்ணம் எனக்கு ஓடுகிறது. அது வெறும் ஊகம், உங்கள் கட்டுரையில் சேர்க்க வேண்டாம்.

முனிர்க்கா மாணவி:

மீண்டும் படித்துவிட்டு எழுதுகிறேன், ஐயா. ஓவியத் தாழிசையைத் தோழியிடம் நேற்று இரவு சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தாள். பிறகு, "அந்தச் சுவர் எந்த ஊரில் இருந்தது என்று பாட்டில் இருக்கிறதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். எழு கலிங்கம் என்று மட்டும்தான் இருக்கிறது.